சட்டம் படிக்க வேண்டும், வக்கீலாக வேண்டாம்: வேலையில் இருப்பவருக்கு எந்தப் படிப்பு?

கொங்குப் பொறியாளர்:

அனைவருக்கும் வணக்கம். நான் சிவில் பொறியாளர், நாற்பதை நெருங்குகிறேன். கோவையில் சாலை, பாலம் ஒப்பந்தம் எடுக்கும் ஒரு நிறுவனத்தில் ஒப்பந்தப் பிரிவு என் பொறுப்பு. தளத்தில் வெயிலில் நின்ற காலம் போய், இப்போது நாள் முழுவதும் கடிதம் எழுதுவதுதான் வேலை. காலநீட்டிப்பு கேட்டு ஒரு கடிதம், நிலத்தை இன்னும் ஒப்படைக்கவில்லை என்று ஒரு கடிதம், கூடுதல் தொகை கோரும் கிளெய்ம், அதற்கு மறுப்பு, கடைசியில் ஆர்பிட்ரேஷன், அதாவது நடுவர் விசாரணை. அங்கே வரும் வக்கீல் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதை அந்தத் தேதியிலேயே எழுதி வைத்திருக்கலாமே" என்கிறார். ஒவ்வொரு கோப்பிலும் இதே பாட்டு.

ஆகவே சட்டத்தை முறையாகப் படிப்பது என்று முடிவு செய்துவிட்டேன். கறுப்பு அங்கி போடும் ஆசை கிடையாது. வேலையை விடவும் முடியாது, வீட்டுக் கடன் இருக்கிறது. விசாரித்தால் ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். மூன்றாண்டு எல்எல்.பி. என்கிறார் ஒருவர். பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளி தொலைநிலையில் நடத்தும் எம்.பி.எல். (வணிகச் சட்ட முதுகலை) என்கிறார் இன்னொருவர். ஒரு தனியார் பல்கலைக்கழகத்திலிருந்து "எக்ஸிகியூட்டிவ் எல்எல்.எம்., எந்தப் பட்டம் இருந்தாலும் சேரலாம்" என்று தினமும் போன் வருகிறது. அலுவலக நண்பர் ஒருவரோ, பக்கத்து மாநிலத்தில் வகுப்புக்கே போகாமல் எல்எல்.பி. முடித்துத் தரும் ஆளைத் தெரியும் என்கிறார். இவற்றில் எது உருப்படும்?

திருச்சி வக்கீல்:

கடைசியில் சொன்னதை முதலில் முடித்துவிடுவோம். அந்த ஆளின் எண்ணை அழித்துவிடுங்கள். வழக்கறிஞர் தொழிலையும் சட்டக் கல்வியையும் ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகளின்படி எல்எல்.பி. முழுநேரப் படிப்பு. காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ வகுப்பு நடத்தக் கூடாது. ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை வேண்டும். தபால் வழியில் படித்த எல்எல்.பி.யைக் காட்டி வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியாது. வருகையே இல்லாமல் பட்டம் விற்கும் "லெட்டர் பேட்" கல்லூரிகளைச் சென்னை உயர் நீதிமன்றம் கடுமையாகச் சாடியிருக்கிறது. 2024 செப்டம்பரில் பார் கவுன்சில் பிடியை இன்னும் இறுக்கியது: பயோமெட்ரிக் வருகைப் பதிவு, வகுப்பறையில் கேமரா, படிக்கும் காலத்தில் வேலையில் இருந்தால் அதைத் தெரிவிக்கும் உறுதிமொழி. பகல் முழுவதும் கோவையில் சம்பளம் வாங்கிக்கொண்டு, அதே பகலில் இன்னொரு மாநில வகுப்பறையில் உட்கார்ந்திருந்ததாகக் கையெழுத்து இருந்தால், உங்களைக் காட்டிக்கொடுக்க வருமான வரிப் படிவம் ஒன்றே போதும்.

அடுத்து அந்த எக்ஸிகியூட்டிவ் எல்எல்.எம். எல்எல்.எம். என்ற சட்ட முதுகலை எல்எல்.பி. முடித்தவர்களுக்கு மட்டுமே என்று பார் கவுன்சிலின் 2020 விதிகள் சொல்கின்றன. அனுமதியில்லாத ஆன்லைன், தொலைநிலை எல்எல்.எம். படிப்புகளைப் பற்றி 2025இல் பொது எச்சரிக்கையே விட்டார்கள். அடுத்த முறை போன் வந்தால் ஒன்று மட்டும் கேளுங்கள்: "இந்த எல்எல்.எம். பார் கவுன்சில் அங்கீகாரம் பெற்றது என்று எழுத்தில் தருவீர்களா?" பிறகு போன் வராது.

மூன்றாண்டு எல்எல்.பி. நேர்மையான வழி. வயதைப் பற்றிக் கவலை வேண்டாம். 30 வயது வரம்பைக் கொண்டுவந்த பார் கவுன்சில் சுற்றறிக்கைக்கு உச்ச நீதிமன்றம் 2017இல் தடை விதித்தது. ஆனால் உங்களுக்கு அது மூன்றாண்டு விடுப்பு என்று அர்த்தம். வீட்டுக் கடன் உள்ளவர் செய்கிற காரியமா என்று யோசியுங்கள்.

கிடங்குத் தெரு:

எதற்கு இவ்வளவு சுற்று? சட்டங்கள் எல்லாம் இந்தியா கோட் தளத்தில் இலவசம். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் 2023 முதல் இ-எஸ்.சி.ஆர். தளத்தில் இலவசம், பல தீர்ப்புகள் தமிழிலேயே இருக்கின்றன. ராத்திரி ஒரு மணி நேரம் உட்கார்ந்து படித்தால் முடிந்தது. பல்கலைக்கழகத்துக்குக் கொட்டும் பணத்தில் அரைக் கிரவுண்டுக்கு முன்பணம் கொடுக்கலாம்.

திருச்சி வக்கீல்:

படியுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் நேற்று வரை சரியாக இருந்த தீர்ப்பு இன்று செல்லுமா என்று அந்தத் தளம் சொல்லாது. ஒரு சான்று தருகிறேன். 2003இல் ஓ.என்.ஜி.சி. எதிர் சா பைப்ஸ் வழக்கில், நடுவர் தீர்ப்பு சட்டத்துக்கு வெளிப்படையாக முரணாக இருந்தால் ரத்து செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் கதவை அகலத் திறந்தது. நடுவர் சட்டத்தின் 34ஆம் பிரிவில் வந்த 2015 திருத்தம் அந்தக் கதவைப் பாதி சாத்தியது: சட்டத்தைத் தவறாகப் பொருத்தினார் என்பதற்காக மட்டும் ரத்து செய்ய முடியாது, சாட்சியத்தை மறுபடி எடை போடவும் கூடாது. சா பைப்ஸ் தீர்ப்பை மட்டும் படித்துவிட்டு, "34ஆம் பிரிவில் மனுப் போட்டால் நிச்சயம் ஜெயம்" என்று தங்கள் முதலாளிக்குக் குறிப்பு எழுதும் பொறியாளர்களை நான் பார்க்கிறேன். அதன் பிறகு என்னிடம் வருகிறார்கள். எனக்கு வருமானம்தான், குறை சொல்லவில்லை.

மாம்பலம் ஆடிட்டர்:

வக்கீல் ஐயா பார் கவுன்சில் விதிகளையே சொல்லிக்கொண்டிருக்கிறார். வக்கீல் அல்லாதவருக்குத் திறந்திருக்கும் வாசல்களையும் சொல்ல வேண்டாமா? 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 288ஆம் பிரிவு ஆடிட்டருக்கு வரித் தீர்ப்பாயம் வரை போய் வாதாடும் உரிமையைத் தந்தது. புதிய சட்டத்திலும் அந்த ஏற்பாடு தொடர்கிறது. கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தில் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 432ஆம் பிரிவுப்படி ஆடிட்டர், கம்பெனி செயலர், காஸ்ட் அக்கவுன்டன்ட் மூவருமே ஆஜராகலாம். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 56ஆம் பிரிவும் அப்படியே. நுகர்வோர் மன்றத்தில் வக்கீல் அல்லாத முகவர்கள் ஆஜராகலாம் என்று 2011இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. எனவே, "வக்கீல் இல்லையென்றால் வாயைத் திறக்காதே" என்ற காலம் மலையேறிவிட்டது.

திருச்சி வக்கீல்:

ஆடிட்டர் ஐயா, நீங்கள் சொன்ன ஒவ்வொரு வாசலையும் ஒரு தனிச் சட்டம் திறந்து வைத்திருக்கிறது. பொது விதி வழக்கறிஞர்கள் சட்டம் 1961, 33ஆம் பிரிவு: பதிவு செய்த வழக்கறிஞரைத் தவிர வேறு யாரும் நீதிமன்றத்தில் தொழில் செய்யக் கூடாது. மீறினால் 45ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. 32ஆம் பிரிவில் ஒரு குறிப்பிட்ட வழக்குக்கு மட்டும் நீதிமன்றம் அனுமதி தரலாம், அதுவும் நீதிமன்றத்தின் விருப்பம். எம்.பி.எல். முடித்தாலும் பட்டயம் முடித்தாலும் இதில் ஒரு வரி மாறாது. கோவைப் பொறியாளர் தெரிந்துகொள்ள வேண்டியது அதைத்தான். உங்கள் உரிமை ஆடிட்டர் பட்டத்திலிருந்து வந்தது. சட்டம் படித்ததால் வரவில்லை.

கிண்டி காப்புரிமை:

நான் ஆடிட்டர் ஐயா பக்கம். கெமிக்கல் பொறியியல் படித்தேன், எல்எல்.பி. கிடையாது, காப்புரிமை முகவராகப் பதிவு பெற்றுத் தொழில் நடத்துகிறேன். காப்புரிமைச் சட்டம் 126ஆம் பிரிவு கேட்பது அறிவியல் அல்லது பொறியியல் பட்டமும் முகவர் தேர்வில் தேர்ச்சியும்தான். 2005 திருத்தம், தேர்வு இல்லாமலே முகவராகும் வசதியை வக்கீல்களிடமிருந்து எடுத்தது. 2013இல் சொக்கலிங்கம் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் திருத்தம் வக்கீல்களைப் பொறுத்தவரை செல்லாது என்றது. சண்டை எந்தப் பக்கம் இருந்து எந்தப் பக்கம் நடந்தது என்று கவனியுங்கள்! இங்கே உள்ளே வர வழக்குப் போட வேண்டியிருந்தது வக்கீல்களுக்கு.

பொறியாளர்களுக்கு இன்னொன்றும் உண்டு. கரக்பூர் ஐ.ஐ.டி.யில் 2006இல் தொடங்கிய ராஜீவ் காந்தி அறிவுசார் சொத்துரிமைச் சட்டப் பள்ளி, பொறியியல், அறிவியல் பட்டதாரிகளை எல்எல்.பி.க்கு எடுக்கிறது. முழுநேரம். வேலையை விடத் துணிந்தவர்களுக்குத்தான்.

ஓய்வு வட்டாட்சியர்:

இளைய தலைமுறைக்கு ஒரு பழங்கதை. 1980களில் எங்கள் அலுவலகங்களில் பாதிப் பேர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தபால் வழியில் பி.ஜி.எல். படித்தோம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் இருந்தது. பொதுச் சட்ட இளங்கலை என்று பெயர். அதை வைத்துப் பதிவு செய்ய முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் வாசல் பலகையில் "பி.ஏ., பி.ஜி.எல்." என்று எழுதி, கல்யாணப் பத்திரிகையிலும் அச்சடித்துக்கொண்டோம். சம்பந்தி வீட்டார் வக்கீல் என்று நினைத்துக்கொண்டால் அது அவர்கள் பாடு.

வேடிக்கை இருக்கட்டும். அந்தப் படிப்பு எனக்குச் சோறு போட்டது. பட்டாவில் பெயர் இருக்கிறது என்பதாலேயே நிலம் அவனுடையதாகிவிடாது, பட்டா வருவாய்க் கணக்குதான், உரிமை மூலப் பத்திரத்தில் இருக்கிறது என்பதை உள்ளூர உணர்ந்தது சொத்துரிமை மாற்றுச் சட்டம் படித்த பிறகே. பட்டா மனுக்களில் நான் போட்ட உத்தரவுகளில், "உரிமையியல் நீதிமன்றத்தில் நிவாரணம் தேடிக்கொள்ளவும்" என்று எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று தெரிந்தது. அது தெரியாத அதிகாரி, இல்லாத அதிகாரத்தில் பத்துப் பக்கம் எழுதி ஒரு குடும்பத்தைப் பத்து வருடம் அலையவிடுவார். அலையவிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

நெல்லை மருத்துவர்:

ஐயா சொன்னது எங்கள் துறைக்கும் பொருந்தும். நான் மகப்பேறு மருத்துவர். பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளியின் மருத்துவச் சட்டமும் அறநெறியும் என்ற முதுநிலைப் பட்டயத்தைத் தொலைநிலையில் படித்தேன். 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் மருத்துவர்களை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அது முதல் எங்களில் பலருக்குச் சட்டம் என்றாலே காப்பீட்டுத் தவணை, பயம் இரண்டும்தான்.

பட்டயம் பயத்தைப் போக்கவில்லை, எதற்குப் பயப்பட வேண்டும் என்று காட்டியது. 2008ஆம் ஆண்டு சமீரா கோலி வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். லேப்ராஸ்கோப்பி மூலம் நோயறியும் சோதனைக்குச் சம்மதம் கொடுத்த பெண் மயக்கத்தில் இருந்தபோது, வெளியே இருந்த தாயிடம் கையெழுத்து வாங்கிக் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். நோயாளி வயது வந்தவர், மயக்க மருந்தில்தான் இருந்தார், உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை, எனவே தாயின் சம்மதம் சம்மதமே அல்ல என்றது உச்ச நீதிமன்றம். இதைப் படித்த வாரமே எங்கள் மருத்துவமனையின் சம்மதப் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். ஆங்கிலத்தில் பொடி எழுத்தில், "தேவைப்படும் எந்த அறுவைச் சிகிச்சைக்கும் சம்மதம்" என்று ஒரு வரி. நோயாளி பெயருக்கு மேல் கணவர் கையெழுத்துக்கு இடம். அதைத் தூக்கி எறிந்துவிட்டு, எந்த உறுப்பு, எந்தச் சிகிச்சை, மாற்று வழி என்ன, இடையில் வேறு ஏதாவது தெரிந்தால் எதுவரை போகலாம் என்று தமிழில் தனித்தனியாகக் கேட்டு, நோயாளியே கையெழுத்திடும் படிவம் எழுதினேன். இப்போது செவிலியர்கள் அதை வாசித்துக் காட்டும்போது நோயாளிகள் கேள்வி கேட்கிறார்கள். சில சமயம் அறுவைச் சிகிச்சையே வேண்டாம் என்று எழுந்து போகிறார்கள். நிர்வாகத்துக்கு அதில் மனவருத்தம் உண்டு.

இன்னொன்று, ஸ்கேன் அறையில் நிரப்பும் எஃப் படிவம். கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதில் குறை இருந்தாலே மருத்துவர் சட்டத்தை மீறியதாகக் கொள்ளப்படும்; இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு மருத்துவரிடம். எழுத்துப் பிழைதானே என்று எங்கள் மகப்பேறு மருத்துவர்கள் சங்கம் உச்ச நீதிமன்றம் வரை போய் 2019இல் தோற்றுத் திரும்பியது. இதை ஒரு வரவேற்பாளரிடம் விட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கும் ரேடியாலஜி நண்பர்களைப் பார்த்தால் எனக்குத்தான் தூக்கம் வருவதில்லை.

நியூ ஜெர்சித் தமிழன்:

அமெரிக்காவில் இதற்கென்றே தனிப் பட்டம் இருக்கிறது. எம்.எல்.எஸ். அல்லது எம்.எஸ்.எல். என்று பள்ளிக்குப் பள்ளி பெயர் மாறும். வக்கீல் ஆகும் ஜே.டி. மூன்றாண்டு, இது பெரும்பாலும் ஓராண்டுப் பாடச்சுமை, பகுதிநேரமாகவும் படிக்கலாம். முடித்தவர் பார் தேர்வு எழுத முடியாது என்று விண்ணப்பத்திலேயே போட்டிருப்பார்கள். யேல் சட்டப் பள்ளி 1970களில் பத்திரிகையாளர்களை மனத்தில் வைத்து இப்படி ஒரு பட்டத்தைத் தொடங்கியது. நியூயார்க் டைம்ஸுக்காக உச்ச நீதிமன்றச் செய்திகளை எழுதிய லிண்டா கிரீன்ஹவுஸ் 1978இல் அதைப் பெற்றவர். 1998இல் புலிட்சர் பரிசும் வாங்கினார். இப்போது மருந்து நிறுவனம், மருத்துவமனை, வங்கி என்று விதிமுறை இணக்கம் பார்க்கும் ஆட்களே வகுப்பை நிரப்புகிறார்கள். நானும் மருந்துத் துறைதான்.

பலன் உண்டா என்றால் உண்டு, ஆனால் விளம்பரம் சொல்கிற அளவுக்கு இல்லை. எங்கள் வக்கீல்களோடு கூட்டத்தில் உட்காரும்போது அவர்கள் எதற்கு அஞ்சுகிறார்கள் என்று புரிகிறது. கட்டணம் சட்டப் பள்ளிக் கட்டணம்தான், தலையைச் சுற்றும். கம்பெனி பாதி கொடுத்ததால் சேர்ந்தேன். சொந்தக் காசில் படித்த வகுப்புத் தோழர்கள் சிலர் இன்னும் அதே நாற்காலியில் அதே சம்பளத்தில் இருக்கிறார்கள். ஊரில் இருப்பவர்கள் "அமெரிக்க சட்ட முதுகலை, ஆன்லைனில்" என்ற விளம்பரத்தில் மயங்க வேண்டாம். அங்குள்ள ஒப்பந்தச் சட்டத்தைப் படித்துவிட்டு நெடுஞ்சாலைத் துறைக்குக் கடிதம் எழுத முடியாது.

யாழ் வாசகன்:

இலங்கையில் நிலைமை சற்று வேறு. திறந்த பல்கலைக்கழகம் தொலைக்கல்வியில் எல்எல்.பி. நடத்துகிறது. ஆசிரியர், வங்கி உத்தியோகத்தர், பொலிஸ் உத்தியோகத்தர் என்று வேலையில் இருப்பவர்கள்தான் அதிகம் படிக்கிறார்கள். விரும்பினால் பிறகு சட்டக் கல்லூரிப் பரீட்சைகளும் பயிற்சியும் முடித்துச் சட்டத்தரணி ஆகலாம். அங்கே வேலையில் இருப்பவனுக்குப் படிப்பும் தொழிலும் இரண்டு கதவுகளாக வைக்கப்படவில்லை. தமிழ்நாட்டு அண்ணன்மார் படும் பாட்டைப் பார்க்க வியப்பாக இருக்கிறது.

பஞ்சாலை மனிதவளம்:

சென்னையில் தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையம் வார இறுதியில் நடத்தும் தொழிலாளர் சட்டப் பட்டயத்தை யாருமே சொல்லவில்லையே? பட்டதாரிகள் சேரலாம். அரசு நிறுவனம், கட்டணம் நம் கைக்கு அடங்கும். வேலையை விட வேண்டியதில்லை. எங்கள் துறையில் நேர்காணலுக்கு வருபவரிடம் அது இருந்தால் நான் கூடுதலாக இரண்டு கேள்வி கேட்பேன்.

ஒரு சின்ன உதாரணம். தற்காலிகப் பணிநீக்கத்தில் இருக்கும் தொழிலாளிக்குப் பிழைப்பூதியம் தர வேண்டும். முதல் 90 நாள் பாதிச் சம்பளம், அடுத்த 90 நாள் முக்கால், 180 நாளைத் தாண்டினால் முழுச் சம்பளம். இது 1981ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம். மத்தியச் சட்டத்தை மட்டும் படித்தவர் முக்காலிலேயே நிறுத்திவிடுவார். விசாரணையில் தொழிலாளி குற்றம் செய்தது பட்டவர்த்தனமாகத் தெரிந்தாலும், பிழைப்பூதியம் சரியாகத் தரவில்லை என்ற ஒரு காரணத்தில் உள்விசாரணையே ஆட்டம் காணும்.

தொழிலாளர் நீதிமன்றத்தில் வக்கீல்தான் விருந்தாளி. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டம் 36ஆம் பிரிவில், எதிர்த்தரப்பு சம்மதமும் நீதிமன்ற அனுமதியும் இருந்தால்தான் வக்கீல் ஆஜராக முடிந்தது. சங்கத் தலைவர் நேராக எழுந்து பேசலாம். அவர்களில் சிலர் முன்னால் மூத்த வக்கீல்களே திணறுவார்கள். 2025 நவம்பர் 21 முதல் இந்தச் சட்டத்துக்கும் வேறு பல தொழிலாளர் சட்டங்களுக்கும் பதிலாக நான்கு தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன. ஆகவே படித்தவர்கள் எல்லோரும் மறுபடி முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம்.

கொங்குப் பொறியாளர்:

எல்லோருக்கும் நன்றி. என் தேவையை இன்னும் தெளிவாகச் சொல்கிறேன். எனக்கு முந்தைய காலத்துக் கோப்பு ஒன்று. மின்கம்பங்களை மாற்றித் தரத் துறை தாமதித்ததால் வேலை நின்றது. காலநீட்டிப்பு கேட்டோம். கொடுத்தார்கள். ஆனால் அதற்கு முன், "இந்தக் காலநீட்டிப்புக்காகக் கூடுதல் தொகை எதுவும் கோர மாட்டோம்" என்று உறுதிமொழி எழுதி வாங்கினார்கள். எழுதிக் கொடுக்காவிட்டால் பில் நகராது. இப்போது கிளெய்ம் போட்டால் அந்தக் காகிதத்தை முதலில் எடுத்து நீட்டுகிறார்கள். இந்த மாதிரி இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று எம்.பி.எல். சொல்லித் தருமா?

பழைய பொதுப்பணி:

தம்பி, இதில் நான் பேசலாம். பொதுப்பணித் துறையில் கண்காணிப்புப் பொறியாளராக ஓய்வு பெற்றவன். இப்போது நடுவராக உட்காருகிறேன். சட்டப் பட்டம் கிடையாது, வேண்டியதும் இல்லை. 2019இல் நடுவருக்கு இன்ன தகுதி வேண்டும் என்று நடுவர் சட்டத்தில் எட்டாவது அட்டவணை சேர்த்தார்கள். 2021இல் அதையும் நீக்கிவிட்டார்கள்.

உங்கள் காகிதத்தைப் பற்றி. குறித்த காலத்தில் முடியாத வேலையைப் பற்றிய ஒப்பந்தச் சட்டம் 55ஆம் பிரிவைத் துறையும் மேற்கோள் காட்டும், நீங்களும் காட்டலாம். "கோர மாட்டேன்" என்ற எழுத்து வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பொருள் அல்ல. 2004இல் என்.டி.பி.சி. எதிர் ரேஷ்மி கன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ் வழக்கில், பாக்கி இல்லை என்று ஒப்பந்ததாரர் சான்று கொடுத்திருந்தும் தகராறு நடுவரிடம் போகலாம் என்றது உச்ச நீதிமன்றம். பணம் வர வேண்டியவன் எந்த நிலையில் கையெழுத்துப் போடுகிறான் என்று பார்த்தது. ஆனால் நெருக்கடி இருந்தது என்று வாயால் சொன்னால் நான் ஏற்க மாட்டேன். அந்த வாரத்தில் நிலுவையில் இருந்த பில் எவ்வளவு, வங்கி எழுதிய கடிதம் எங்கே, உறுதிமொழி தந்த பிறகு உடனே எதிர்ப்புத் தெரிவித்து ஒரு வரியாவது எழுதினீர்களா? இந்த மூன்றும் கோப்பில் இருந்தால் நான் நிமிர்ந்து உட்காருவேன்.

இதை எம்.பி.எல். நேராகச் சொல்லித் தராது. 55ஆம் பிரிவையும் நட்ட ஈடு பற்றிய 73, 74 பிரிவுகளையும், நெருக்குதல் என்றால் சட்டத்தில் என்ன என்பதைச் சொல்லித் தரும். கேள்வி கேட்கத் தெரிந்தவனாக ஆக்கும். மிச்சத்தை உங்கள் கோப்பில்தான் கற்க வேண்டும்.

எங்கள் இனத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், வெட்கமாகத்தான் இருக்கிறது. பொறியாளர் நடுவர்களுக்கு அளவு சரியாக வரும், காரணம் எழுத வராது. "இருதரப்பையும் கேட்டேன், ஆவணங்களைப் பார்த்தேன், இவ்வளவு லட்சம் நியாயம் என்று கருதுகிறேன்" என்று முடித்துவிடுவார்கள். நடுவர் சட்டத்தின் 31ஆம் பிரிவு காரணம் கேட்கிறது. காரணம் விளங்கவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்த ஒரு நடுவர் தீர்ப்பை, டைனா டெக்னாலஜிஸ் வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றமும் காப்பாற்றவில்லை. வருடக்கணக்கில் நடந்த வழக்கு, கணக்கு ஒருவேளை சரியாகவே இருந்திருக்கலாம், யாருக்கும் தெரியாது. நாம் சட்டம் படிக்க வேண்டியது இதற்காகத்தான்.

கொங்குப் பொறியாளர்:

ஐயா, 28 நாள் அறிவிப்பு விதியைப் பற்றியும் சொல்லுங்கள். எங்கள் ஒப்பந்தம் ஒன்றில் 28 நாளுக்குள் எழுதாவிட்டால் கிளெய்மே போய்விடும் என்று இருக்கிறது.

திருச்சி வக்கீல்:

இதற்கு நான் வருகிறேன். அந்த விதி பிடிக் (பன்னாட்டுப் பொறியியல் ஆலோசகர்கள் கூட்டமைப்பு) ஒப்பந்த மாதிரியிலிருந்து வந்தது. ஒப்பந்தச் சட்டம் 28ஆம் பிரிவு 1997இல் திருத்தப்பட்டது. காலக்கெடு முடிந்தால் உரிமையே அழியும் என்று ஒப்பந்தத்தில் எழுதினால் அந்த அளவுக்கு அது செல்லாது. இந்த வாதம் எடுபடலாம். ஆனால் எதிர்த்தரப்பு, "நாங்கள் உரிமையை அழிக்கவில்லை, அறிவிப்பு கொடுத்தால்தான் உரிமையே பிறக்கும்" என்று திருப்பும். வாதாடி ஜெயிக்கலாம் என்பதற்காக 29ஆம் நாள் கடிதம் எழுதாதீர்கள். வாட்ஸ்அப்பில் தளப் புகைப்படம் போட்டு வைத்திருக்கிறோம் என்பார்கள். நடுவர் சாட்சியச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர் அல்ல, சரி. விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனால் 2024 ஜூலை முதல் மின்னணுப் பதிவுக்குப் புதிய சாட்சியச் சட்டம் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். அதில் நிபுணர் நிரப்பும் பகுதியும் உண்டு.

கிடங்குத் தெரு:

பார்த்தீர்களா? இந்த இழையிலேயே ஒரு செமஸ்டர் முடிந்துவிட்டது. நயா பைசா செலவில்லை.

நெல்லை மருத்துவர்:

சொல்லித் தர ஒரு வக்கீலும் ஒரு நடுவரும் தினமும் கிடைத்தால் நானும் கட்டணம் கட்டியிருக்க மாட்டேன். எனக்குப் பாடத்தைவிடத் தேர்வு உதவியது. கெடு தேதி தலைமேல் தொங்காவிட்டால், இரவு எட்டு மணி வரை நோயாளி பார்க்கும் நான் ஒரு தீர்ப்பைக்கூட முழுதாகப் படித்திருக்க மாட்டேன்.

மாம்பலம் ஆடிட்டர்:

பொறியாளருக்கு என் யோசனை: எம்.பி.எல். சேருங்கள். எந்தப் பட்டதாரியும் சேரலாம், இரண்டாண்டு, அது எல்எல்.எம். என்று பொய் வேடம் போடுவதில்லை. ஆர்பிட்ரேஷனே உங்கள் பாதை என்றால், லண்டனில் 1915இல் தொடங்கிய சார்ட்டர்ட் ஆர்பிட்ரேட்டர்கள் நிறுவனத்தின் படிகளைப் பிறகு ஏறுங்கள். அங்கே பொறியாளருக்கும் வக்கீலுக்கும் ஒரே ஏணி. பெயருக்குப் பின்னால் எதைப் போடுகிறீர்கள் என்பதில் மட்டும் கவனம். "சட்ட ஆலோசகர்" என்று கார்டு அடிக்காதீர்கள். "ஒப்பந்த ஆலோசகர்" போதும்.

திருச்சி வக்கீல்:

ஆடிட்டர் ஐயாவோடு முதன்முறையாக உடன்படுகிறேன். தேதியைக் குறித்து வையுங்கள்.

கொங்குப் பொறியாளர்:

எம்.பி.எல். என்றே முடிவு செய்துவிட்டேன். நிர்வாக இயக்குநரிடம் கட்டணத்தில் பாதி கேட்டிருக்கிறேன். மறுக்கவில்லை, கோப்பில் எழுதித் தரச் சொன்னார். தனியார் பல்கலைக்கழகத்திடம் வக்கீல் ஐயா சொன்ன கேள்வியை மின்னஞ்சலில் அனுப்பினேன். "எங்கள் ஆலோசகர் உங்களைத் தொடர்புகொள்வார்" என்று பதில் வந்தது. பொதுப்பணி ஐயா, நீங்கள் எழுதிய நடுவர் தீர்ப்புகள் ஒன்றிரண்டு படிக்கக் கிடைக்குமா? பெயர்களை மறைத்துத் தந்தாலும் போதும்.

பழைய பொதுப்பணி:

தர முடியாது தம்பி. நடுவர் சட்டத்தில் 2019இல் சேர்த்த 42ஏ பிரிவு நடுவர் விசாரணை விவரங்களை இரகசியமாக வைக்கச் சொல்கிறது. பெயரை மறைத்தாலும் பாலத்தின் நீளத்தைப் பார்த்தே நம் ஊர்க்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்குப் பதில் வேறு செய்யுங்கள். உயர் நீதிமன்றங்களில் 34ஆம் பிரிவு மனுக்களில் வந்த தீர்ப்புகளை எடுங்கள். நடுவர் எழுதியதைப் பத்தி பத்தியாக அதில் எடுத்துப் போட்டிருப்பார்கள். நீதிபதியின் முடிவை மூடிவைத்துவிட்டு நடுவரின் பத்தியை மட்டும் படியுங்கள், நிற்குமா நிற்காதா என்று ஓரத்தில் எழுதுங்கள், பிறகு திறந்து பாருங்கள். சாலை வழக்குகளிலேயே தொடங்குங்கள், வார்த்தைகள் பழகியவையாக இருக்கும். மின்கம்பக் கோப்பைத் தனி இழையில் போடுங்கள். துறைப் பெயரும் தொகையும் வேண்டாம், தேதிகள் மட்டும் போதும்.